எந்தப் பாதி?

பாய்,

நேற்று மத்திகிரி சாலை மளிகைக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் கையிலிருந்து ஒரு வினிகர் பாட்டில் நழுவி விழுந்து உடைந்தது. கடைக்காரர் துணி தேடி உள்ளே போனார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்கள். நான் மட்டும் அந்த நெடியை இழுத்து இழுத்து மூச்சுவிட்டுக்கொண்டு நின்றேன். நம் இருட்டறையின் வாசனை அது. பிலிம் கழுவும் தொட்டிகளில் ஒன்று எப்போதும் அப்படித்தான் புளித்து நாறும். பன்னிரண்டு வருடம் உங்கள் சட்டையிலும் என் சட்டையிலும் அது இருந்தது.

"சாருக்கு ஒடம்பு சரியில்லையா? உக்காருங்க" என்று கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் கண்ணில் தண்ணீர் நின்றிருக்கிறது. வினிகரால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வாங்கவேண்டியதை வாங்காமலேயே வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஓசூருக்கு நான் வந்த காலத்தில் தொழிற்பேட்டையின் பாதி இன்னும் கேழ்வரகுக் காடாகவே கிடந்தது. கோவில்பட்டிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மாசி மாதத்திலும் மப்ளர் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்த என்னைப் பார்த்து முதலில் சிரித்தவர் நீங்கள்தான். நம் ஆலையில் பெரிய பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் இரும்பில் உடல் வார்த்தார்கள். வார்த்த இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று கதிர் பாய்ச்சிப் படமெடுத்துப் பார்க்கிற பிரிவுக்கு என்னைப் போட்டார்கள். அங்கே ஏற்கெனவே நீங்கள் இருந்தீர்கள். நான் டிப்ளமோ. நீங்கள் கிருஷ்ணகிரிக் கல்லூரியில் பௌதிகம் படித்தவர்; வேப்பனப்பள்ளித் தோப்புகளில் மாங்காய் பிடிக்கிற வியாபாரியின் மகன்.

"எங்க வீட்டுல எல்லாரும் மாங்காயைப் பாத்தே உள்ள வண்டு இருக்குதா இல்லையான்னு சொல்லுவாங்க. நான் இரும்பைப் பாத்துச் சொல்றேன். ஒரே தொழில்தாங்க" என்றீர்கள்.

தெற்கிலிருந்து வந்தவன் என்பதால் என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நான் 'பாய்' என்றேன். இருவருக்கும் ஒரே வயது. ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிட்ட பிறகும் நாம் 'வாங்க, போங்க'வை விடவில்லை. ஏனென்று யோசித்ததில்லை. அதுவே நமக்குப் பிடித்திருந்தது போலும்.

நம் கையிலிருந்த இரிடியத் துணுக்கு ஒரு மிளகளவுகூட இராது. 'சோர்ஸ்' என்போம். கனத்த உலோகப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பியின் முனையில் ஏறி, ஒரு குழாய் வழியாக ஊர்ந்து வார்ப்படத்தின் அருகே போய் நிற்கும். அதிலிருந்து கிளம்பும் கதிர் இரும்பைத் துளைத்துப் பின்னாலிருக்கிற பிலிமில் விழும். படம் முடிந்ததும் பின்னோக்கிச் சுற்றிப் பெட்டிக்குள் இழுத்துவிட வேண்டும். நாளாக நாளாக அதன் வலு குறைந்துகொண்டே வரும். எழுபத்து நாலு நாளில் சரிபாதி. இன்றைக்குப் படமெடுக்க எத்தனை நிமிடம் என்பதை இருட்டறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து தினமும் காலையில் நீங்கள் சொல்வீர்கள்.

ஒருநாள் பிலிம்கள் காய்ந்துகொண்டிருந்தன. நீங்கள் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அண்ணாச்சி, எழுபத்து நாலு நாள்ல இதுல பாதி அணு உடைஞ்சிரும். சரி. எந்தப் பாதி?"

"எந்தப் பாதின்னா? வலு இல்லாத பாதி."

"வலு இல்லாததுன்னு ஒண்ணு கெடையாதுங்க. எல்லாம் ஒண்ணு போல. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. ஒண்ணு இந்த நிமிசம் உடையுது. பக்கத்துல இருக்கறது வருசக்கணக்கா அப்பிடியே கெடக்குது. ஏன்?"

"காரணம் இல்லாம இருக்குமா பாய்? நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

"தெரியலைன்னு சொல்லல. காரணமே இல்லைன்னு சொல்றாங்க."

"யாரு சொல்லுதா?"

"பௌதிகம்."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. காரணம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. வார்ப்படத்தில் ஓட்டை விழுந்தால் மணலில் ஈரம் இருந்திருக்கும், காற்றுப் போக வழி இருந்திராது, இரும்பு ஆறிப்போய் ஊற்றியிருப்பார்கள். காரணமில்லாத ஓட்டையை நான் பார்த்ததே இல்லை. அதையெல்லாம் அடுக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்:

"ஓட்டைக்குக் காரணம் இருக்குதுங்க. அந்த ஓட்டையைப் படம் புடிச்சுக் காட்டுதே ஒரு கதிர், அது இப்ப ஏன் கெளம்புச்சுன்னா அதுக்குக் காரணம் இல்ல. ரெண்டும் ஒரே எடத்துலதான் நடக்குது. எனக்கு அதாங்க தாங்க மாட்டேங்குது."

வருடக்கணக்கில் அந்தச் சண்டை ஓடியது. கேன்டீனில், பஸ் நிறுத்தத்தில், நோன்பு மாதத்தில் நீங்கள் சாப்பிடாமல் என் எதிரில் உட்கார்ந்திருக்கும் மதிய வேளைகளில். உலகத்தின் மிகப் பெரிய விஞ்ஞானி ஒருவரே சாகும்வரை இதை ஏற்கவில்லை, அவர் என் கட்சி என்று நீங்களே ஒருநாள் என்னிடம் சொன்னீர்கள். அன்று முழுக்க நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். "அல்லாவுக்காவது தெரியுமா பாய்?" என்று சீண்டினேன். "அதை நான் தொழுகையில கேட்டுக்குறேன். நீங்க நடுவுல வராதீங்க" என்றீர்கள்.

பெங்களூருக்குப் போனோமே, அது ஞாபகமிருக்கிறதா? பொதுமக்களுக்கான அறிவியல் சொற்பொழிவு என்று பேப்பரில் மூன்று வரி வந்திருந்தது. நீங்கள் அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளி தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். நரைத்த பேராசிரியர் ஒருவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. கேள்வி நேரம் வந்ததும் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். கன்னடத்தில் கேட்டீர்கள். சபையில் பலர் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்துத்தான் எனக்குத் தெரிந்தது: "எப்போது உடையப்போகிறோம் என்று அந்த அணுவுக்காவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. எங்கே வேலை என்று கேட்டார். ஓசூர், வார்ப்பட ஆலை, இரிடியம் என்று சொன்னீர்கள். அவர் மேடையின் ஓரத்துக்கு நடந்து வந்து, "கொத்தில்லப்பா" என்றார். எனக்குத் தெரியாதப்பா. எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது. அணுவுக்குள் ரகசியச் சீட்டு எதுவும் ஒளிந்திருக்கிற மாதிரி தெரியவில்லை என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. ஆனால் உலகம் ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டால் இன்றுவரை யாரிடமும் பதில் இல்லை. இவ்வளவையும் திரும்பி வருகிற பஸ்ஸில் நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். தெரியாது என்று ஒருவர் சொன்னதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

"அவ்ளோ பெரிய மனுசன், இத்தனை பேருக்கு முன்னாடி, தெரியாதுன்னுட்டாருங்க!"

அதே பஸ்ஸில்தான் இன்னொன்றும் சொன்னீர்கள். ஆதியில் பொருளும் அதற்கு எதிரான பொருளும் சரிக்குச் சரி உண்டாகி, ஒன்றையொன்று அழித்து ஒன்றுமில்லாமல் போயிருக்கவேண்டுமாம். எப்படியோ துளியளவு பொருள் மட்டும் மிஞ்சிவிட்டதாம். அந்த மிச்சம்தான் நட்சத்திரங்கள், சூளகிரி மலை, இந்த பஸ், நாம். ஏன் மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. "நாமளே ஒரு மிச்சந்தாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

பெரிய வார்ப்படங்களை அறைக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையிலேயே வைத்து, சுற்றிலும் கயிறு கட்டிப் படமெடுப்போம். அன்று காலையில் ஒரு வால்வு உடல். உள்ளே போய்ப் பிலிம் ஒட்டி, வார்ப்படத்துக்கு அடியில் மரக்கட்டை அண்டைகொடுத்து வைக்கிற வேலை அந்த வாரம் என் முறை. வைத்துவிட்டு வந்தேன். இரும்புக் கட்டிகள் அடுக்கியிருந்த குவியலுக்குப் பின்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினோம். படம் முடிகிற நேரத்தில் ஒரு சத்தம். கட்டை நழுவி வார்ப்படம் சாய்ந்து குழாயின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின்னோக்கிச் சுற்றினால் கைப்பிடி அசையவில்லை. கதிரை அளக்கிற மீட்டரின் முள் இறங்கவில்லை. சோர்ஸ் வெளியே மாட்டிக்கொண்டது.

விதிப்படி எல்லாரையும் விலக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலாளர் வீட்டுக்கு போன் போட்டோம், எடுக்க ஆளில்லை. தகரத் தடுப்புக்கு அப்பால், அடுத்த கொட்டகையில் உலை காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. உருகிய இரும்பை ஊற்றியாக வேண்டும். ஊற்றாவிட்டால் உலைக்குள்ளேயே இறுகிவிடும்; ஊற்றினால் ஏழு பேர் மணிக்கணக்கில் அந்தக் கதிரில் நிற்பார்கள். உள்ளே ஓடிப்போய்க் கடப்பாரையால் வார்ப்படத்தை நெம்பித் தூக்கினால் போதும். வெளியே நிற்பவன் அந்த நொடியில் சுற்றி இழுத்துவிடலாம். ஒரு நிமிடத்து வேலை.

நான் கடப்பாரையை எடுத்தேன்.

"நான் போறேன் பாய். கட்டை நான் வச்சது."

"வீட்டுல எத்தனாவது மாசம்?"

"அஞ்சு."

"எனக்கு ரெண்டு பொறந்து ஸ்கூலுக்குப் போவுது. குடுங்க."

கொடுத்துவிட்டேன் பாய். இழுத்துப் பிடித்தேன், நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்கள் என்று பலரிடம் பிறகு சொல்லியிருக்கிறேன். அது பொய். உங்கள் விரல் பட்டதும் என் விரல்கள் தாமாக விரிந்தன.

"எண்ணிக்கிட்டே இருங்க. அறுபதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிக் குனிந்து ஓடினீர்கள். நான் கத்தி எண்ணினேன். நாற்பதில் நெம்பினீர்கள், கடப்பாரை வழுக்கியது. எழுபதில் மறுபடி. "வெளிய வாங்க பாய்!" என்று எண்ணுவதற்கு நடுவே அலறினேன். நீங்கள் வரவில்லை. தொண்ணூற்றைந்தில் மண்டிபோட்டுத் தோளைக் கொடுத்தீர்கள். நூற்றிருபதைத் தாண்டியதும் கைப்பிடி என் கையில் சட்டென்று இளகியது. சுற்றினேன். முள் விழுந்தது. நூற்று நாற்பத்தாறு வரை எண்ணியிருந்தேன்.

வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்து குடித்தீர்கள். உங்கள் முகத்தில் பயத்தைத் தேடினேன். ஆச்சரியம்தான் இருந்தது.

"இத்தனை கோடிக் கதிர் என்னைத் தாண்டிப் போயிருக்குது அண்ணாச்சி. எத்தனை சும்மா போச்சு, எது எதைத் தொட்டுச்சுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது, பாத்தீங்களா?"

மேலே பட்ட கதிரின் அளவைக் காட்ட உங்கள் சட்டையில் குத்தியிருந்த பிலிம் பட்டையைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அளவுக்கு மேல் என்று பதில் வந்தது. ஒரு வருடம் உங்களைச் சோர்ஸ் பக்கம் விடாமல் இருட்டறையிலேயே வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. அந்த வருடம் எனக்குப் பெண் பிறந்தாள். வருடங்கள் போயின. நான் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு வருடம் கழித்து உங்களுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஈறில் ரத்தம் வந்தது. பெங்களூரில் பார்த்தார்கள். ரத்தத்தில் புற்று.

வார்டு வராந்தாவில் டாக்டரை மறித்துக்கொண்டு கேட்டேன். அந்த நூற்று நாற்பத்தாறு நொடிதானா? அவர் இளைஞர், நல்ல மனிதர். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கதிரையே பார்க்காத மளிகைக்கடைக்காரருக்கும் இதே நோய் வருகிறது. கூட்டமாக ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஏதாவது சொல்லலாம். இந்த ஒருவருக்கு ஏன் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். நான் விடவில்லை. குரலை உயர்த்தினேன். உள்ளேயிருந்து நீங்கள் கூப்பிட்டீர்கள்.

"அண்ணாச்சி, இங்க வந்துமா ஓட்டைக்குக் காரணம் தேடுறீங்க?"

உங்கள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். "என் முறை பாய். கட்டையும் நான் வச்சது. என்னாலதான."

நீங்கள் அந்தப் பேராசிரியரின் குரலை அப்படியே கொண்டுவந்து, "கொத்தில்லப்பா" என்றீர்கள். நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள், சிரித்ததில் இருமல் வந்தது. அது அடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்:

"இதை விட்டுருங்கன்னு சொன்னா விட மாட்டீங்க. உங்களைத் தெரியாதா எனக்கு. தூக்கிக்கினே போங்க. ஆனா கேள்வியாத் தூக்குங்க. பதிலாத் தூக்காதீங்க. பதிலு இல்லாததுக்கு நாமளா ஒரு பதிலு வச்சா அது பொய்யிங்க."

அந்த மழைக்காலத்தில் நீங்கள் போனீர்கள். கிருஷ்ணகிரியில், மலைக்கோட்டை தெரிகிற இடத்தில், உங்கள் தம்பிகளோடு நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை. உங்கள் மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பண்டிகைக்குப் பிள்ளைகளிடம் பிரியாணி கொடுத்தனுப்புவார்கள். வாங்கிக்கொண்டு நன்றி மட்டும் சொல்லியனுப்புவேன். நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாக, ஒரு பதிலைச் செய்து அதைத்தான் சுமந்துகொண்டு திரிந்தேன்: நான் கொன்றேன். அது கேள்வியைவிடச் சுலபமாக இருந்தது பாய். வலித்தது, ஆனால் முடிந்துபோன கணக்காக இருந்தது.

நான்கு வருடம் கழித்து உங்கள் பெரிய பெண்ணின் நிக்காஹுக்கு அழைக்க உங்கள் மனைவியே வந்தார்கள். என் மனைவி காபி போட உள்ளே போனாள். பத்திரிகையை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் தாங்காமல் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் போயிருக்கணும், தங்கச்சி. என் முறை. நான் வச்ச கட்டைதான் நழுவுச்சு. அவர் கேட்டதும் கடப்பாரையைக் குடுத்துட்டேன்."

அவர்கள் அதிரவில்லை. முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டார்கள்.

"தெரியும்ண்ணே. அன்னைக்கு சாயங்காலமே வந்து எல்லாம் சொல்லிட்டாரு. ரெண்டு நாளு நான் அவரோட பேசல. நமக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குது, உனக்கு என்னாத்துக்கு இந்த வேலைன்னு கத்துனேன். அப்புறம் உங்களுக்குக் கொழந்தை பொறந்துச்சுன்னு கேட்டதும், உங்க சொந்தக்காரங்க தெக்கேயிருந்து வர்றதுக்குள்ள நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்தேனே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. நல்ல மனசு, முதல் ஆளாக வந்தார்கள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"பாசத்துல வரலண்ணே. கோவத்துல வந்தேன். எதுக்காக எங்க வீட்டு ஆளு உள்ள போனாரு, அதை என் கண்ணால பாக்கணும்னு வந்தேன். அண்ணி கையில தூக்கிக் குடுத்தாங்க. அது என் மொகத்துக்கு நேரா வாயைத் தொறந்து ஒரு கொட்டாவி விட்டுச்சு. சிரிச்சுட்டேன். அதுக்கப்புறம் யாரு மேலயும் எனக்குக் கோவம் இல்ல. அவரு மேலயும் இல்ல. உங்க மேலயும் இல்ல. அவரு நோவுல கெடந்தப்பவும் இல்ல."

பிறகு, "நாலு வருசமா எங்க வீட்டுக்கு வராம இருந்தீங்களே, அது மட்டுந்தான் கோவம்" என்று சொல்லிவிட்டு என் மனைவி கொண்டுவந்த காபியை வாங்கிக் குடித்தார்கள்.

நிக்காஹுக்குப் போனேன். வாசலில் உங்கள் தம்பிகளோடு நின்று, வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்தேன்.

இப்போதும் அறிவியல் செய்தி எதுவும் கண்ணில் பட்டால் விடுவதில்லை. நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. துளியளவு பொருள் ஏன் மிஞ்சியது என்றும் யாரும் சொல்லிவிடவில்லை. ஏன் நீங்கள், ஏன் நான் இல்லை என்பதும் அப்படியே இருக்கிறது. உடம்பு முடியாத நாட்களில் பழைய பதில் மெல்லத் தலையைத் தூக்கும். உங்களோடு சண்டைபோட்டுச் சண்டைபோட்டு அதைக் கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

மகள் குழந்தைகளோடு வந்திருக்கிறாள். கிருஷ்ணகிரியில் ஒரு வங்கியில் வேலை. பௌதிகம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முன்கோபக்காரி. நான் இவ்வளவு நேரம் கூடத்தில் விளக்குப் போடாமல் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "யாருக்குப்பா இவ்ளோ பெரிய லெட்டர்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள். அடுப்படியில் யாரிடமோ போனில் உரக்கப் பேசுகிறாள். சிரிக்கிறாள். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாய்.